அஞ்சு பேர் திறந்த கோப்பு

நெல்லிமேடு ஊராட்சியில் எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் வரும் என்பது போன மாசி மாதத்திலிருந்து அரசாங்க ரகசியம்.

அதற்கு முன்னால் ரகசியமாக இல்லை. டேங்க் ஆபரேட்டர் இருசப்பன் மாமா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் தண்ணீர் வராது என்று அர்த்தம். கிளாஸை வைத்துவிட்டு எழுந்தால் வரப்போகிறது என்று அர்த்தம். அவர் போய் இரும்பு ராடால் வால்வைத் திருகுவார், தண்ணீர் வரும். இவ்வளவு முக்கியமான விவரம் இத்தனை வருஷமாக டீக்கடை பெஞ்சில் திறந்து கிடந்திருக்கிறது. எதிரிகள் யாரும் கவனிக்காமல் போனது நம் நல்ல காலம்.

நாங்கள் இருப்பது ஏரிமேடு. உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் தாண்டி வருகிற பஸ் நெல்லிமேட்டில் திரும்பிக்கொள்ளும். அதற்கப்புறம் ஒரு கரும்புக் கொல்லை, அதற்கப்புறம் எங்கள் வீடுகள். டேங்க் நிற்பது எங்கள் வீடுகளுக்குப் பக்கத்தில்தான். ஆனால் குழாய் ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில்தான் எங்களிடம் வரும். தண்ணீர் எங்கள் தலைக்கு மேலேயே நிற்கும், கீழே இறங்க மட்டும் ஊரைச் சுற்ற வேண்டும்.

குழாயில் வராவிட்டால் முன்னாள் தலைவர் முத்துவேல் அவர்களின் பம்புசெட்டுக்குப் போக வேண்டும். அங்கே தண்ணீர் சும்மா. ஆனால் கொடத்தைக் கீழே வைத்ததுமே, "வந்ததுதான் வந்த, அந்த நாலு பாத்தி களைய எடுத்துட்டுப் போயேன்" என்பார்கள். நாலு பாத்தி முடிப்பதற்குள் உச்சி வெயில் வந்துவிடும். என் மகள் ஸ்வேதாவுக்கு அப்போதுதான் நடை பழகிய வயசு. அவளை வரப்பில் உட்கார வைத்துவிட்டுக் களை எடுத்தால்தான் அவள் குளிக்கிற தண்ணீர் வரும். அதனால் தெருக்குழாயில் நாலு சொட்டு வந்தாலும் எனக்குப் பெரிசு. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிற்பாடு நான் செய்ததற்கு இதுதான் காரணம்.

பொங்கல் கழிந்து பெட்டி வந்தது. பச்சை நிறம், ரைஸ் குக்கர் பெரிசு. டேங்குக்குக் கீழே தூணில் மாட்டினார்கள். கொண்டுவந்தவர் கம்பெனி இன்ஜினியர் வினோத்குமார் சார். நல்ல பிள்ளை. யார் எதைக் கேட்டாலும் விளக்கிவிடுவார், அதுதான் அவரிடம் இருந்த குறை.

"இதுக்குள்ள ஒரு குட்டி கம்ப்யூட்டர் இருக்கு. கம்ப்யூட்டருக்குள்ள ஒரே ஒரு கோப்பு. எந்தத் தெருவுக்கு எப்போ வால்வு திறக்கணும்னு எல்லா விவரமும் அந்த ஒரு கோப்புல. சென்னையிலயும் கிடையாது, டெல்லியிலயும் கிடையாது. பெட்டிக்குள்ளயே பொதிஞ்சிருக்கு. கோப்பு திறந்தாத்தான் பெட்டிக்கு நேரம் தெரியும். நேரம் தெரிஞ்சாத்தான் வால்வைத் திறக்கும்."

"கோப்பு தொறக்கலன்னா?" என்றார் இருசப்பன் மாமா.

"வால்வு திறக்காது."

"அப்ப நான் ராடால தொறந்துக்கிறேன்."

"முடியாதுங்க. வால்வோட தலையைப் பெட்டி மோட்டாரோட சேத்துப் பூட்டியாச்சு."

ராடு முறைப்படி கையெழுத்து வாங்கப்பட்டு ஊராட்சி அலுவலக பீரோவில் ஒப்படைக்கப்பட்டது. மாமாவுக்குக் 'கண்காணிப்பாளர்' என்று பதவி உயர்வு. வேலை, பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தது.

இதோடு விட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. மாசி பிறக்கும்போது, கோப்புப் பாதுகாப்புச் சிறப்பு அலுவலர் வெங்கடேசன் சார் ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் ஒரு சுற்றறிக்கை. அரசுக் கோப்புகள் அனைத்தும் உடனடியாகக் குறியாக்கம் செய்யப்பட வேண்டும், தவறினால் கடுமையாகக் கருதப்படும்.

"குறியாக்கம்னா இன்னா சார்?" என்று மாமா கேட்டார்.

"சாவி தெரியாதவன் படிச்சா ஒண்ணுமே புரியாத மாதிரி எழுதி வைக்கிறது."

"நம்ம ஆபீஸ் லெட்டருங்க எல்லாம் முன்னாலேர்ந்தே அப்பிடித்தான சார் கீது?"

"இது அதைவிடப் பாதுகாப்பு" என்றார் வெங்கடேசன் சார். "யோசிச்சுப் பாருங்க. நாளைக்கு எந்தத் தெருவுக்கு எப்போ தண்ணி வருதுங்கற விவரம் ஒரு எதிரி கையில கிடைச்சா என்ன ஆகும்?"

மாமா நன்றாக யோசித்தார். "கொடத்த எடுத்துக்கினு வருவான் சார்."

இந்தக் கருத்து குறிப்பில் ஏற்றப்படவில்லை.

வினோத்குமார் சார் வழக்கம்போல விளக்கினார். "சிம்பிள் சார். மொதல் தடவை திறக்கும்போது ஒரு ரகசிய வார்த்தை அடிக்கணும். அதான் சாவி. அதுக்கப்புறம் கரண்ட் போய்ப் பெட்டி அணைஞ்சு எரியும்போதெல்லாம் அதையே அடிக்கணும். ஒரு எழுத்து மாறினாலும் திறக்காது. 'இது கோப்பே அல்ல'ன்னு சொல்லிடும்."

"கோப்பை வெச்சுக்கிட்டே கோப்பே இல்லன்னு சொல்லுமா?"

"ஆமா சார்."

வெங்கடேசன் சாருக்கு அந்தப் பெட்டியின் மேல் முதல் முறையாக ஒரு மரியாதை வந்தது. நம்ம டிபார்ட்மெண்டில் சேர்ந்த மாதிரிதான் என்று சொல்லிக்கொண்டார்.

"சரி, யார் திறக்கிறது?" என்று அடுத்த கேள்வி வந்தது. இன்ஜினியர், யாராவது ஒருத்தர் அடித்தால் போதும் என்றார். அவர் சின்னப் பையன், சர்வீஸ் இல்லை. திறப்பு என்று ஒன்று இருந்தால் விழா இல்லாமல் எப்படி? விழா என்றால் குத்துவிளக்கு. குத்துவிளக்கு என்றால் அஞ்சு முகம். அஞ்சு முகத்தையும் ஒரே ஆள் ஏற்றி எந்த ஊரிலாவது பார்த்திருக்கிறீர்களா? மெழுகுவத்தி கை மாறிப் போகும். ஆளுக்கு ஒரு திரி, மனக்குறை கிடையாது.

"அதே மாதிரி ஆளுக்கு ஒரு வார்த்தை" என்று வெங்கடேசன் சார் முடிவு செய்தார். "அஞ்சும் சேந்தது சாவி. ஒருத்தர் அடிக்கிறது இன்னொருத்தருக்குத் தெரியக் கூடாது. அஞ்சு மடங்கு பாதுகாப்பு."

"சார், அப்புறம் ஒவ்வொரு தடவையும் அஞ்சு பேரும்..." என்று ஆரம்பித்தார் இன்ஜினியர்.

"தம்பி, நீங்க மிஷினை மட்டும் பாருங்க."

அஞ்சு பேர் முடிவானார்கள். முதலில் வெங்கடேசன் சார். இரண்டாவது ஊராட்சித் தலைவர் ஆண்டாளம்மாள். அவருக்காகப் பேசுவது, நடப்பது, கோபப்படுவது எல்லாம் அவர் வீட்டுக்காரர் வரதன். மூன்றாவது முன்னாள் தலைவர் முத்துவேல். விட்டுவிட்டால் கலெக்டர் வரைக்கும் போவார். நாலாவது மகளிர் குழு சுலோச்சனா மேடம். அஞ்சாவதாக ஒரு பயனாளி வேண்டும். ஏழையாக இருக்க வேண்டும், பெண்ணாக இருக்க வேண்டும், இடுப்பில் குழந்தை இருந்தால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும். நான் அந்த நேரம் பார்த்துக் கொடத்தோடு போனேன்.

"உன் பேரு இன்னாம்மா?" என்றார் சுலோச்சனா மேடம்.

"காவியா" என்றேன். அது வெளியே கேட்டதா என்று தெரியவில்லை. அடுத்த நாள் பேனரில் 'பயனாளி' என்று மட்டும் போட்டிருந்தது.

விழா அன்றைக்கு டேங்கடியில் பந்தல், மைக்செட், பிளாஸ்டிக் நாற்காலி, தட்டில் மிக்சர். உலகத்துக்கே ஓட்டுப் போடக் கற்றுக்கொடுத்த மண் இது என்று வெங்கடேசன் சார் ஆரம்பித்தார். எங்கள் பக்கம் எந்த விழா நடந்தாலும், கால்நடைக்கு ஊசி போடுகிற முகாமாக இருந்தாலும், அப்படித்தான் ஆரம்பிப்பார்கள். ஆண்டாளம்மாளுக்குப் பதிலாக வரதன் நன்றி சொன்னார். குத்துவிளக்கு ஏறியது. அப்புறம் பெட்டி.

ரகசியத்துக்கு மறைப்பு வேண்டும் அல்லவா? ஒரு பொன்னாடையை எடுத்துப் பிரித்து ஒரு முனையை வரதனும் மறு முனையை இருசப்பன் மாமாவும் பிடித்தார்கள். இரண்டு பேரும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். இன்ஜினியரைக் கரும்புக் கொல்லையைப் பார்த்து நிற்கச் சொன்னார்கள். திரையிலும் எதுவும் தெரியாது. நாம் என்ன அடித்தாலும் காட்டாது, அது ஒரு பாதுகாப்பாம்.

ஒவ்வொருத்தராகத் துணிக்குப் பின்னால் போனார்கள், கொஞ்ச நேரம் நின்றார்கள், பெரிய காரியம் முடித்த முகத்தோடு வந்தார்கள். கடைசியில் நான். ஏரிமேடே எட்டிப் பார்க்கிறது. ஸ்வேதா அழுகிறாள். பெட்டியில் சின்னச் சின்ன எழுத்து. நான் விரலை நீட்டினேன். நீட்டிய விரல் அங்கேயே நின்றுவிட்டது. வெளியே "முடிஞ்சுதா?" என்றார் வரதன். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். இன்ஜினியர் திரும்பி வந்து 'திற' என்ற பொத்தானை அமுக்கினார்.

கோப்பு திறந்தது, என்று பெட்டி எழுதியது. ஒரே கைத்தட்டல். வால்வு முனகியது. தண்ணீரும் வந்தது.

அன்று சாயங்காலமே கரண்ட் போனது.

பெட்டி அணைந்து எரிந்து, சாவி கேட்டது. வெங்கடேசன் சார் காஞ்சிபுரத்தில் மீட்டிங்கில் இருந்தார். சுலோச்சனா மேடம் ஏனாத்தூரில் கல்யாணத்துக்குப் போயிருந்தார். முத்துவேல் அவர்கள் இருந்தார், ஆனால் நாற்காலி போடாமல் வரமாட்டேன் என்றார். இருசப்பன் மாமா தனக்குத் தெரிந்ததை எல்லாம் அடித்துப் பார்த்தார். சாமி பேர், கட்சிப் பேர், தன் போன் நம்பர்.

"இன்னா சொல்லுது மாமா?"

"இது கோப்பே அல்லன்னு சொல்லுது. நான் ஆபரேட்டரே அல்லன்னு சொன்னாக்கூட ஒத்துக்கினு போவேன்."

நாங்கள் களை எடுக்கப் போனோம்.

மறுநாள் அஞ்சு பேரையும் சேர்த்து, பொன்னாடை பிடித்து, மறுபடியும் திறந்தார்கள். அடுத்த வாரம் மறுபடியும். மாசி முடிவதற்குள் அது ஒரு முறையாகிவிட்டது. 'கோப்புத் திறப்புக் குழு' அமைக்கப்பட்டது. பந்தலைப் பிரிப்பதும் கட்டுவதும் தொல்லை என்று நிரந்தரமாக விட்டுவிட்டார்கள். பேனரில் எத்தனையாவது விழா என்ற இடத்தைக் காலியாக விட்டு, நம்பரை மட்டும் ஒட்டினார்கள். கரண்ட் ஆபீசில் சொல்லிவைத்து, நிறுத்தப் போகிற நாளை முன்கூட்டியே வாங்கி அழைப்பிதழ் போட்டார்கள். 'காலை மின்தடை. மாலை திறப்பு விழா. அனைவரும் வருக.' கோப்புக்கு நகல் எடுத்து, யாரும் திறந்து பார்க்கக் கூடாது என்று சீல் வைத்து, எல்லா ஆபீசுக்கும் அனுப்பினார்கள். எல்லா ஆபீசும் யாரும் திறந்து பார்க்கவில்லை என்று பதில் போட்டது. இதைவிடப் பாதுகாப்பு எங்கே கிடைக்கும்?

எனக்கும் மரியாதை வந்தது. கூப்பிட ஆட்டோ அனுப்பினார்கள். முதல் வரிசையில் நாற்காலி. போர்த்திய பொன்னாடைகளில் நல்லதாக ஒன்றைப் பார்த்து ஸ்வேதாவுக்குத் தூளி கட்டினேன். ஜரிகை குத்துகிறது என்று அழுதாள், மாற்றிக் கட்டினேன். என் வீட்டுக்காரர் சிவகுமார் செங்கல் சூளையில், "அஞ்சுல ஒரு ஆளு என் பொண்டாட்டி" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆனால் ஒவ்வொரு தடவையும் அதே கதைதான். துணிக்குப் பின்னால் போவேன், விரலை நீட்டுவேன், ஒன்றும் அடிக்காமல் வருவேன். முதல் நாள் அப்படிச் செய்து திறந்துவிட்டது. இனிமேல் எதையாவது அடித்தால் தப்பாகிவிடும் அல்லவா? மற்ற நாலு பேரும் படித்தவர்கள், பெரியவர்கள். அவர்கள் நாலு வார்த்தையில் ஓடுகிற பெட்டி. என் பங்குக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் ஆட்டோவும் போகும், நாற்காலியும் போகும், ஏரிமேட்டுக்கு இருந்த ஒரே ஆளும் போகும்.

பங்குனியில் எங்கள் ஊராட்சிக்கு விருது கொடுத்தார்கள். தகவல் பாதுகாப்பில் முன்மாதிரி. சென்னையில் விழா. தண்ணீர் விவரத்தை எப்படிக் காப்பாற்றினார்கள் என்று மூன்று நாள் பேச வேண்டுமாம். நாலு பேரும் வேனில் கிளம்பினார்கள். வரதனும் ஏறியதால் பயனாளிக்கு இடம் இல்லை.

வேன் உத்திரமேரூரைத் தாண்டியிருக்காது, இங்கே கரண்ட் போனது. திரும்பி வந்தது. பெட்டி சாவி கேட்டது.

முதல் நாள் தொட்டியில் மிச்சம் இருந்ததை வைத்து ஓட்டினோம். மறுநாள் களை. அதற்கு மறுநாள் களையும் இல்லை. எங்களை வைத்து எடுத்து எடுத்துக் கொல்லையில் களையே தீர்ந்துபோயிருந்தது. "வேலை இல்ல, மோட்டாரும் போடல" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஸ்வேதாவுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. ராத்திரியெல்லாம் சொறிந்து சொறிந்து அழுதாள். ஒரு சொம்பு ஊற்றித் துடைத்துவிடக் கூட வழியில்லை.

பக்கத்து வீட்டு சின்னபொண்ணு அக்கா காலிக் கொடத்தோடு வந்து என் வாசலில் நின்றது.

"எம்மா அஞ்சாவது! இன்னா வூட்டுக்குள்ளயே குந்திக்கினு கீற? போய்த் தொறயேன்."

"நான் ஒருத்தி போனா தொறக்காதுக்கா. அஞ்சு பேரும் வோணும்."

"உன் பங்கையாவது போட்டு வையி. அவங்க வந்து அவங்க பங்கப் போடட்டும். நாற்காலில குந்தத் தெரிதில்ல? பொன்னாட போத்திக்கத் தெரிதில்ல? இந்தாண்ட வா!"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டேங்கடியில் விட்டது. பின்னால் ஏரிமேடே வந்தது. இருசப்பன் மாமா பெட்டி இருப்பதைக் கண்காணித்துக்கொண்டிருந்தார்.

ஒன்றும் இல்லாத பங்கை எப்படிப் போட்டுக் காட்டுவது? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், விழாவில் செய்கிறதை அப்படியே செய்வது. முந்தானையை எடுத்து மறைத்தேன். விரலை நீட்டினேன். ஒன்றும் அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றேன். அக்கா எட்டி எட்டிப் பார்த்தது. ஏதாவது அமுக்கினால்தான் விடும் என்று தோன்றி, 'திற' என்பதை அமுக்கினேன்.

கோப்பு திறந்தது.

வால்வு முனகியது. கொஞ்ச நேரத்தில் ஊருக்குள்ளிருந்து சத்தம். அப்புறம் எங்கள் குழாய், இருமி இருமி, செம்மண்ணாகத் துப்பி, அப்புறம் தெளிந்தது. ஸ்வேதாவைக் குழாயடியிலேயே உட்கார வைத்து ஊற்றினேன். மூச்சு முட்டச் சிரித்தாள்.

"அடிப்பாவி" என்றது அக்கா. "நாலு பேரு சாவியும் உங்கிட்டதான் கீதா?"

அதைத்தான் மறுநாள் வெங்கடேசன் சாரும் கேட்டார். விருதைக் கையில் வைத்தபடியே வேனிலிருந்து இறங்கினார். ஊரில் தண்ணீர் வருகிறது என்ற பயங்கரச் செய்தி அவருக்குச் சென்னையிலேயே கிடைத்துவிட்டது. ஊராட்சி அலுவலகக் கதவைச் சாத்தினார்கள். அஞ்சு பேர், வரதன், வினோத்குமார் சார். எனக்கு அன்று நாற்காலி இல்லை.

"அரசாங்கப் பூட்டை உடைச்சிருக்க. ஜாமீன் கிடைக்காது, தெரியுமா? யார் உனக்கு நாலு வார்த்தையையும் சொன்னது?"

"முன்னாள் ஆளுங்க யாராவது சொல்லியிருப்பாங்க" என்றார் வரதன், முத்துவேலைப் பார்க்காமல்.

"தலைவரு வூட்டுக்காரரு துணி பிடிக்கும்போது எட்டிப் பாத்திருப்பாரு" என்றார் முத்துவேல், வரதனைப் பார்த்து.

ஜெயிலுக்குப் போனால் ஸ்வேதாவை யார் பார்ப்பார்கள்? அதுவரைக்கும் அவர்கள் முன்னால் நான் ஒரு முழு வாக்கியம் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினேன்.

"யாரும் சொல்லல சார். நான் ஒண்ணுமே அடிக்கல. நேத்தும் அடிக்கல. மொதோ நாளும் அடிக்கல. கூச்சமா இருந்துச்சு. சும்மா நின்னுட்டு வந்துட்டேன். என் பங்குல ஒண்ணுமே இல்ல சார்."

"உன் பங்குல இல்லன்னா மத்த நாலு?" என்றார் வினோத்குமார் சார். யோசிக்கிறவர் அல்லவா. "ஒண்ணுமே அடிக்காம திறந்துச்சுன்னா..."

நாலு பேரும் நாலு சுவரைப் பார்த்தார்கள்.

முதலில் வாய் திறந்தது சுலோச்சனா மேடம். "போட்டோகிராஃபர் 'மேடம் இந்தாண்ட பாருங்க'ன்னான். பாத்தேன். அதுக்குள்ள கை தட்டிட்டாங்க. நடுவுல ஒருத்தி அடிக்கலன்னா இன்னா ஆயிடப் போவுதுன்னு..."

"நான் ஏன் அடிக்கிறேன்?" என்றார் முத்துவேல். "இவங்க காலத்துல வெச்ச பெட்டி. நான் கை வெச்சு நாளைக்கு நின்னுதுன்னா எந்தலையில கட்டவா?"

"தலைவர் நிச்சயமா அடிச்சாங்க" என்றார் வரதன். "என்ன அடிக்கணும்னு நான்தான் முன்னாடியே சொல்லி அனுப்பிச்சேன்."

"அதான் அடிக்கல" என்றார் ஆண்டாளம்மாள். அவர் பேசி நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. "அந்த ஒண்ணுலயாவது நீ சொன்னதச் செய்யக் கூடாதுன்னு நெனச்சேன். நானா அடிக்க எதுவும் தோணல."

எல்லோரும் வெங்கடேசன் சாரைப் பார்த்தார்கள். அவர் விருதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல" என்றார் மெல்ல, "நான் எழுத்துல எதையும் குடுத்ததில்லை."

வினோத்குமார் சார் கணக்கை முடித்தார். "சாவி இடத்துல காலியா விட்டா, பூட்டே வேண்டாம்னு பெட்டி எடுத்துக்கும் சார். எதையாவது அடிச்சாத்தான் கோப்பே அல்லன்னு சொல்லும். ஒண்ணுமே அடிக்கலன்னா யார் அமுக்கினாலும் திறக்கும். இத்தனை நாளும் குறியாக்கமே ஆகல சார். திறந்தேதான் கிடந்திருக்கு."

"கதவு சாத்தியிருக்கான்னு பாருப்பா" என்றார் வெங்கடேசன் சார்.

அதற்குப் பிறகு நடந்த விவாதம் மிகவும் பொறுப்புள்ளது. உண்மையைச் சொன்னால் விருதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், பந்தல் செலவுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆகவே, தண்ணீர் வரும் நேரத்தைவிட முக்கியமான ரகசியம் ஒன்று இப்போது ஊராட்சியிடம் உள்ளது, அது எக்காரணம் கொண்டும் வெளியே போகக் கூடாது என்று ஒருமனதாக முடிவானது. என் மீதான நடவடிக்கை கைவிடப்பட்டது. எனக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள்.

"இப்போவே நிஜமா ஒரு சாவி போட்டுடலாம் சார்" என்றார் இன்ஜினியர். "ஒரு நிமிஷ வேலை."

"கண்டிப்பா. இந்தத் தடவை எல்லாரும் மனசாட்சியோட அடிக்கணும்."

மறுநாளே விழா. விளக்கு, பொன்னாடை, கரும்புக் கொல்லையைப் பார்த்து இன்ஜினியர். ஒவ்வொருத்தரும் முன்பைவிட அதிக நேரம் துணிக்குப் பின்னால் நின்றார்கள். வெங்கடேசன் சார் வெளியே வரும்போது நெற்றியில் வேர்வை. எனக்கு இப்போது கூச்சம் போயிருந்தது. அடித்திருக்கலாம். ஆனால் நான் எதையாவது அடித்து, அது இல்லாமல் திறக்காது என்று ஆகி, ஒரு நாள் நான் காய்ச்சலில் படுத்துவிட்டால் ஏரிமேட்டுக்குத் தண்ணீர் ஏது? மற்ற நாலு பேரும் எப்படியும் அடித்திருப்பார்கள், என் பங்காவது யாருக்கும் தடையாக இருக்க வேண்டாம் என்று ஒன்றும் அடிக்காமல் வந்தேன்.

சித்திரையில் ஒரு மத்தியானம் கரண்ட் போய் வந்தது. நான் அக்காவிடம்கூடச் சொல்லாமல் டேங்கடிக்குப் போனேன். இருசப்பன் மாமா கண்காணிப்பில் இருந்தார், அதாவது தூங்கினார். முந்தானையால் மறைத்தேன். ஒன்றும் அடிக்காமல் 'திற' என்பதை அமுக்கினேன்.

கோப்பு திறந்தது.

இப்போதெல்லாம் கரண்ட் போனால் உடனே எங்களுக்குத் தண்ணீர் வந்துவிடுகிறது. யார் திறக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. தண்ணீர் வருகிறவர்களுக்குக் கேட்கத் தோன்றாது. மறுநாளோ அதற்கு மறுநாளோ ஜீப் வரும். வால்வு ஓடிக்கொண்டிருப்பதைப் பார்ப்பார்கள். பார்க்காத மாதிரி பந்தலில் உட்காருவார்கள். நான் ஒரு தடவை சின்னபொண்ணு அக்காவிடம், "அதான் தண்ணி வந்துக்கினு கீதே, இவங்க எதுக்குக்கா வராங்க, சொல்லிடலாமா?" என்று கேட்டேன்.

"வாய மூடு" என்றது அக்கா. "விழா நின்னா மிக்சரு?"

போன வாரம்கூட நடந்தது. வாசல்களில் எல்லாம் நிரம்பிய கொடங்கள், முன்னால் உட்கார்ந்து ஏரிமேடு கை தட்டியது. ஆட்டோ வரக் கொஞ்சம் தாமதமானதால் நானும் தாமதமாகத்தான் போனேன். எனக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். பொன்னாடையைப் பிடித்தார்கள்.

வினோத்குமார் சார் கரும்புக் கொல்லையைப் பார்த்தபடி, மைக்கில் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். "அஞ்சுல ஒருத்தர் ஒரு எழுத்து அடிச்சிட்டாக்கூட இப்போ திறக்காது. தயவுசெஞ்சு கவனமா இருங்க."

நாங்கள் அஞ்சு பேரும் மிகவும் கவனமாக இருந்தோம்.